வன்னியில் வணிக நிர்வாகம் படிக்க: எச்.என்.டியா, என்.வி.கியூவா, தனியார் டிப்ளோமாவா?

உயர்தர வெட்டுப்புள்ளி வெளியான கையோடு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் மதில்களில் டிப்ளோமா விளம்பரங்கள் முளைத்துவிடும். கணக்கீடு, வணிகக்கல்வி, பொருளியல் மூன்றிலும் சித்தி பெற்று, இசட் புள்ளி மட்டும் எட்டாமல் பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழக வாசலில் நின்றுவிட்ட பிள்ளைகள்தான் இந்த விளம்பரங்களின் குறி. அவர்களுக்கும், பிள்ளைக்காகக் காசு எண்ணும் அப்பா அம்மாவுக்கும்தான் இந்த மதிப்பீடு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முழுநேரமாகப் படிக்க வீட்டு நிலைமை இடம் கொடுத்தால் அரசாங்க எச்.என்.டி, அதாவது உயர் தேசிய டிப்ளோமாதான் முதல் தெரிவு. கணக்கீட்டுக் கற்கை, வணிக நிர்வாகக் கற்கை இரண்டுக்கும் இடம் கிடைக்கிற அதிர்ஷ்டசாலி கணக்கீட்டை எடுக்கட்டும். ஒரு வருடத்துக்குள் கையில் சம்பளம் வேண்டும் என்கிறவருக்கு என்.வி.கியூ என்ற தேசிய தொழிற்தகைமை பொருந்தும். தனியார் டிப்ளோமாவை கடைசியில் சொல்லும் சோதனைகளைச் செய்துவிட்டு யோசிக்கலாம்.

எச்.என்.டியை நடத்துவது 1995ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இலங்கை உயர் தொழில்நுட்பவியல் கல்வி நிறுவகம். அதன் கிளைகளைத்தான் நம் பக்கம் எல்லாரும் ஏ.ரி.ஐ என்கிறார்கள். வவுனியாவில் ஒன்று இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் குருநகரில் இருக்கிறது. வவுனியாவில் கட்டடம் இருப்பதால் எல்லாக் கற்கையும் அங்கே நடக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. எந்த ஏ.ரி.ஐயில் எந்தக் கற்கை, முழுநேரமா பகுதிநேரமா என்பதை அந்தந்த வருட விண்ணப்ப அறிவித்தலில்தான் பார்க்கவேண்டும். முழுநேரத்துக்குக் கட்டணம் இல்லை. வார இறுதியில் நடக்கும் பகுதிநேரத்துக்குக் காசு கட்டவேண்டும். கற்பித்தலும் பரீட்சையும் ஆங்கிலத்தில். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைப்பவர் பகுதிநேரத்தில் சேர்ந்துவிட்டு, கதிரறுப்பு மாதத்தில் சனி ஞாயிறு வகுப்பைத் தவறவிட்டு, வரவு போதாமல் பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நிற்கிற நிலை வரும். வயல் உள்ள வீட்டுக்காரர் இதை முன்கூட்டியே கணக்கில் எடுக்கவேண்டும்.

கணக்கீட்டு எச்.என்.டி நான்கு வருடம். அதை வணிகமாணிப் பட்டத்துக்குச் சமமாக ஏற்பதா என்ற இழுபறி 2015 ஒக்டோபரில் கொழும்பில் மாணவர் ஊர்வலமும் பொலிஸ் தடியடியுமாக முடிந்தது பலருக்கு நினைவிருக்கும். ஆகவே "டிகிறிக்குச் சமன்" என்று யார் சொன்னாலும் அந்த வார்த்தையோடு நின்றுவிடாதீர்கள். போக நினைக்கும் வேலையின் வர்த்தமானி அறிவித்தலை எடுத்து, கல்வித் தகைமை என்ற பந்தியில் இந்த டிப்ளோமாவின் பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பதவிக்கு ஏற்கப்படுவது இன்னொரு பதவிக்கு ஏற்கப்படாது. கணக்கீட்டுக்குக் கிடைக்கும் சலுகை வணிக நிர்வாகத்துக்கும் தானாகக் கிடைத்துவிடும் என்று எண்ணுவதும் தவறு.

என்.வி.கியூ வேறு பாதை. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்கு ஒப்பானது. வவுனியா ரெக்னிக்கல் கொலிஜ் போன்ற இடங்களில் வணிகம், கணக்கு சார்ந்த கற்கைகள் இந்தப் படிகளில் வரும். புள்ளி கிடையாது, தரவரிசை கிடையாது. ஒவ்வொரு தேர்ச்சி அலகிலும் "தேர்ச்சி" அல்லது "இன்னும் தேர்ச்சியில்லை", அவ்வளவுதான். மனப்பாடக்காரர் இங்கே திணறுவார், கைவேலைக்காரர் தேறுவார். கடையிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ பல வருடம் கணக்கு எழுதியவருக்கு இன்னொரு வசதி உண்டு: முன்னனுபவ அங்கீகாரம். வகுப்புக்கே போகாமல், செய்த வேலையின் ஆதாரங்களைக் கோவையாக்கி மதிப்பீட்டாளர் முன் வைத்துச் சான்றிதழ் எடுக்கலாம். நைட்டா என்ற அரசாங்கத் தொழிற்பயிற்சி அதிகாரசபை ஊடாக இது நடக்கிறது. ஆதாரம் என்றால் முதலாளி எழுதித் தரும் கடிதம் மட்டும் போதாது. நீங்களே எழுதிய காசேடு, வங்கிக் கணக்கிணக்கக் கூற்று, சம்பளப் பட்டியல் ஆகியவற்றின் பிரதிகள் வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தைப் பற்றியும் பலர் விசாரிக்கிறார்கள். அது வாகனம், மின், கட்டுமானம், உணவு போன்ற தொழில்நுட்பங்களுக்கானது. வணிகம் தேடி அங்கே போய் ஒரு நாளை வீணாக்க வேண்டாம்.

இனி எச்.என்.டி படிப்பின் உள்ளே போவோம்.

கணக்கீடுதான் இந்தக் கற்கையின் முதுகெலும்பு. முதல் அரையாண்டு பெரும்பாலும் உயர்தரத்தில் படித்ததே: இரட்டைப் பதிவு, பரீட்சை மீதி, அட்டுறு செலவு, பெறுமானத் தேய்வு. வர்த்தகப் பிரிவுப் பிள்ளை இங்கே சோம்பல்படும். கலைப் பிரிவிலிருந்து வந்தவர் வியர்வை சிந்துவார். இரண்டாம் அரையாண்டில் கொம்பனிக் கணக்கும் காசுப் பாய்ச்சல் கூற்றும் வந்ததும் முன்னவர் பின்னுக்குப் போவதை அடிக்கடி காணலாம். காசுப் பாய்ச்சலில் எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இருப்பு கூடினால் காசு குறையும், கடன்கொடுத்தோர் கூடினால் காசு கூடும். இதைப் பாடமாக்கியவர் குறியை மாற்றிப் போட்டுவிட்டு, கடைசிச் சமநிலை வரவில்லை என்று அரைமணி நேரம் தேடுவார். காசு எந்தப் பக்கம் போகிறது என்று ஒவ்வொரு வரியிலும் கேட்டுப் பழகியவருக்கு இது வராது.

நம் குறை வேறு இடத்தில் இருக்கிறது. பாடத்தில் வரும் உதாரணங்கள் எல்லாம் வருடம் முழுக்க ஒரே வேகத்தில் விற்கிற கொம்பனிகள். வன்னியில் காசு போகத்தோடு வரும், போகத்தோடு போகும். கடன்பட்டோர் சேகரிப்புக் காலத்தை, அதாவது கடனுக்கு விற்ற காசு கைக்கு வர எடுக்கும் சராசரி நாளை, எடுத்துப் பாருங்கள். கிளிநொச்சியில் உரம், பூச்சிமருந்து விற்கும் ஒரு கடை, வருடக் கடன் விற்பனை 60 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். காலபோக விதைப்புக்கு ஒக்டோபரிலிருந்து கடன் ஏறும். "வெட்டினாப் பிறகு தாறன் அண்ணை" என்ற ஒரு சொல்லில்தான் எல்லாம் போகிறது. டிசம்பர் 31இல் கணக்கை முடித்தால் கடன்பட்டோர் 24 இலட்சம். 24ஐ 60ஆல் பிரித்து 365ஆல் பெருக்கினால் 146 நாள். அறுவடை முடிந்து மார்ச் 31இல் முடித்தால் கடன்பட்டோர் 6 இலட்சம், விடை 36 நாள் சொச்சம். ஒரே கடை, ஒரே வாடிக்கையாளர், ஒரே முதலாளி. வங்கிக்கு டிசம்பர்க் கணக்கைக் காட்டினால் கடன் கிடைக்காது, மார்ச்சுக் கணக்கைக் காட்டினால் மனேஜர் தேநீர் வரவழைப்பார்.

இதற்கு வழி இருக்கிறது, பாடத்தில்தான் அழுத்திச் சொல்வதில்லை. கடன்பட்டோர் மீதியிலிருந்து மாதாந்தக் கடன் விற்பனையைப் பின்னோக்கிக் கழித்து வரவேண்டும். டிசம்பர் விற்பனை 8 இலட்சம், நவம்பர் 10, ஒக்டோபர் 6 என்றால் 24 இலட்சமும் அந்த மூன்று மாதத்துக்குள் தீர்ந்துவிடுகிறது: 31, 30, 31, மொத்தம் 92 நாள். இந்தப் போகத்துக்குக் கொடுத்த கடன்தான் நிற்கிறது, பழைய கடன் எதுவும் தேங்கவில்லை என்று இது காட்டுகிறது. 146 என்ற எண் அதை மறைத்துவிட்டது. விரிவுரையாளரிடம் இதைக் கேளுங்கள். நல்லவர் என்றால் சந்தோசப்படுவார்.

வணிகக் கணிதத்தைப் பலர் சித்தியடைய வேண்டிய பாடம் என்று மட்டும் பார்க்கிறார்கள். எங்கள் கணிப்பில், நுண்கடனும் லீசிங்கும் வீட்டு வாசலுக்கு வந்து பெண்களைக் கையெழுத்து வைக்கச் சொல்லும் ஊரில் இதைவிடப் பயனுள்ள பாடம் இந்தக் கற்கையில் இல்லை. 100,000 ரூபா கடன், வருடத்துக்கு 24 வீதம், 12 மாதத் தவணை. மாறா முறையில் வட்டி 24,000, மாதத் தவணை 10,333. "இருபத்திநாலுதானே" என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு மாதமும் முதல் குறைந்துகொண்டே போகிறது, வட்டி மட்டும் முழு இலட்சத்துக்கும் கணக்கிடப்படுகிறது. எக்ஸெலில் ரேட் (RATE) சூத்திரத்துக்குள் தவணை எண்ணிக்கை 12, தவணைத் தொகை கழித்தல் குறியோடு 10,333, கடன் 100,000 என்று கொடுத்து, வரும் மாத வீதத்தை 12ஆல் பெருக்குங்கள். 41.7 வீதம் அளவில் வரும். கழித்தல் குறியை விட்டால் விடைக்குப் பதில் பிழைச் செய்தி வரும். பிழைக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். ஒரு பிள்ளை இதை மட்டும் படித்துக்கொண்டு வந்து அம்மாவின் கடன் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தால் போதும், படிப்புச் செலவு வீட்டுக்குத் திரும்பிவிடும்.

சம்பளப் பட்டியலும் தொழிற் சட்டமும் சேர்கிற பகுதி அடுத்த தங்கச் சுரங்கம். வவுனியாவில் கடை வைத்திருப்பவருக்கு முகாமைத்துவக் கோட்பாடு தெரிந்த ஆள் தேவைப்படுவதில்லை. ஈ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதி) சீட்டைப் பிழையில்லாமல் நிரப்பும் ஆள் தேவைப்படுகிறார். அடிப்படைச் சம்பளம் 40,000, மேலதிக நேரக் கொடுப்பனவு 5,000 என்று எடுங்கள். மேலதிக நேரத்துக்கு ஊழியர் சேமலாப நிதி இல்லை. ஆகவே 40,000க்கு ஊழியர் பங்கு 8 வீதம் 3,200, தொழில்கொள்வோர் பங்கு 12 வீதம் 4,800. ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம் 1,200, இது முழுக்கத் தொழில்கொள்வோர் தலையில். கையில் கொடுப்பது 41,800, முதலாளிக்கு ஆகும் மொத்தச் செலவு 51,000. மாணவர் விடும் பிழைகள் இரண்டு: 45,000க்கு வீதம் போடுவது, நம்பிக்கை நிதியையும் ஊழியரிடம் கழிப்பது. இரண்டாவது பிழை பரீட்சையில் புள்ளியை மட்டும் குறைக்கும், வேலையில் செய்தால் தொழில் திணைக்களம்வரை போகும். பணத்தை அடுத்த மாத முடிவுக்குள் செலுத்தவேண்டும், பிந்தினால் மேலதிகக் கட்டணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். 15 பேரோ கூடவோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்த மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம்.

சந்தைப்படுத்தல், நிறுவன நடத்தை, முகாமைத்துவக் கோட்பாடு பற்றி அதிகம் சொல்ல இல்லை. படிக்கச் சுவையானவை, எழுதச் சுலபமானவை, வேலைக்கு அதிகம் உதவாதவை. குழுப் பிரசென்ரேசனில் நான்கு பேர் பெயரில் ஒருவர் வேலை செய்வார். அந்த ஒருவராக இருங்கள், பேசிப் பழகலாம்.

கணினிப் பாடத்தில் கேட்கவேண்டிய கேள்வி, ஒரு கம்பியூட்டருக்கு எத்தனை பேர் என்பதே. இரண்டு பேருக்கு மேல் என்றால் எக்ஸெல் கைக்கு வராது, பார்த்துப் பழகியதாகத்தான் இருக்கும். யார் கடன் எத்தனை நாளாக நிற்கிறது என்று காட்டும் கடன்பட்டோர் வயதுப் பட்டியல் செய்யும்போது எல்லாரையும் குழப்பும் கோளாறு ஒன்று: கணினியின் பிராந்திய அமைப்பு அமெரிக்காவுக்கு இருந்தால் 03/04/2025 என்று தட்டுவது மார்ச் 4 ஆகிவிடும். 13/02/2025 திகதியாகவே ஏறாது, எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி நிற்கும். இன்றைய திகதியிலிருந்து கழிக்கும் சூத்திரம் சில வரியில் பிழைச் செய்தி காட்டும். சில வரியில் ஒன்றுமே காட்டாமல் பிழையான நாளைத் தரும், ஆபத்து அதுதான். நாள் முதலில் வரும் பிராந்திய அமைப்புக்கு மாற்றிவிட்டுத் தட்டத் தொடங்குங்கள். அல்லது 2025-02-13 என்று வருடத்தை முன்னால் போடுங்கள்.

கற்கையின் பெரிய ஓட்டை கூட்டுறவு. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம், பால் உற்பத்தியாளர் சங்கம், கமக்காரர் அமைப்பு, கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம் என்று வன்னியில் காசு புழங்கும் இடங்களில் பாதி இவைதான். இவற்றுக்கு வேண்டியது பெறுவனவு கொடுப்பனவுக் கணக்கும் வருமானச் செலவினக் கணக்கும். உயர்தரத்தில் ஒரு அலகாக வந்த அது மேலே போகப் போக மறைந்துவிடுகிறது. அந்த அலகுக் கொப்பியை எறிந்துவிடாதீர்கள். வங்கியில் கிடந்த நிலையான வைப்பின் வட்டியையும், அடுத்த வருடச் சந்தாவாக முற்கூட்டி வந்த காசையும் சரியாகப் பிரித்துக் காட்டத் தெரிந்தவர் என்று ஊரில் பெயர் எடுத்தால் பொருளாளர் பதவி தேடி வரும். சம்பளம் வராது என்பது வேறு கதை, ஆனால் பயிற்சிக்குப் போகும்போது காட்டக் கோவை ஒன்று சேரும்.

ஆங்கிலத்தைப் பற்றி எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். எண் வரும் பாடங்களில் ஆங்கிலம் ஆளை விழுத்துவது அரிது. விழுவது வணிகச் சட்டத்திலும் முகாமைத்துவத்திலும், நான்கு பக்கம் எழுதவேண்டிய விடையில்தான். வசனத்தைக் குறுக்குங்கள். ஒரு புள்ளிக்கு ஒரு வசனம், அதற்குக் கீழே ஒரு உதாரணம், அந்த உதாரணம் பரந்தன் சந்திக் கடையாகவே இருக்கட்டும். கற்கை தொடங்குவதற்கு முந்திய மாதங்களில் உயர்தரக் கணக்கீட்டு வினாத்தாளின் ஆங்கிலப் பிரதியையும் தமிழ்ப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்பது எந்த ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பையும்விடப் பலன் தரும். ஆங்கிலம் அறவே முடியாது என்கிறவருக்கு ஏ.ஏ.ரி என்ற கணக்கீட்டுத் தொழில்சார் தகைமை இருக்கிறது. தமிழிலேயே பரீட்சை எழுதலாம், எச்.என்.டியோடு சமாந்தரமாகவும் செய்யலாம்.

தொழிற் பயிற்சிக் காலத்தில் வன்னிப் பிள்ளை நட்டப்படுகிறது. கணக்காய்வு நிறுவனங்கள் வவுனியாவில் கொஞ்சம், அங்கே இடமும் கொஞ்சம். வங்கியில் போனால் பலருக்குக் கிடைப்பது படிவம் நிரப்பிக் கொடுக்கும் மேசை. ஆடைத் தொழிற்சாலையின் சம்பளப் பிரிவு, அரிசி ஆலை, கூட்டுறவுச் சங்கத் தலைமையகம் மூன்றும் அதைவிட நல்லவை, முழுச் சுற்றையும் காணலாம். தினக்குறிப்பில் "கோவைகளை ஒழுங்குபடுத்தினேன்" என்று வாரம் முழுக்க எழுதினால் வாய்மொழிப் பரீட்சையில் கேள்வி கேட்பவருக்கு அதுவே இரை. எந்தப் பற்றுச்சீட்டு எந்த ஏட்டுக்குப் போனது, மீதி ஏன் வேறுபட்டது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதுங்கள். கொழும்புக்குப் பயிற்சிக்குப் போகிறவர் அறை வாடகையையும் சாப்பாட்டையும் கணக்கிட்டுவிட்டுப் போகட்டும். பயிற்சிக் கொடுப்பனவு அதற்குக் காணாது.

போக்குவரத்து: கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு ஏ-9இல் நாளாந்தம் வந்து போவது உடம்புக்குத் தாங்கும், படிப்புக்குத் தாங்காது. முல்லைத்தீவுக்காரர் நேர் பஸ்ஸைத் தவறவிட்டால் மாங்குளத்தில் இறங்கி மாறவேண்டும், பின்னேர வகுப்பு நீண்டால் அது பெரும் கரைச்சல். பரீட்சை மாதத்துக்கு மட்டுமாவது வவுனியாவில் ஒரு அறை பாருங்கள்.

தனியார் டிப்ளோமாவுக்கு வருவோம். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிவாகியிருப்பது ஒன்று, அந்தக் கற்கை தரச்சான்று பெற்றிருப்பது வேறொன்று. சுவரில் தொங்கும் சான்றிதழ் முன்னதற்கானதாக இருக்கும், என்.வி.கியூ தருவதற்குத் தேவையானது பின்னது. ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இரண்டையும் தேடலாம். வெளிநாட்டு எச்.என்.டி என்றால் அதைத் தருவது யார் என்று கேளுங்கள். பியர்சன் நிறுவனத்தின் ஐந்தாம் நிலை பி.ரெக் (BTEC) எச்.என்.டி 240 கிரெடிட். அதைவிடக் குறைந்த ஒன்றை அதே பெயரில் விற்றால் எழும்பி வந்துவிடுங்கள். பரீட்சைப் பதிவுக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம், பட்டமளிப்பு அங்கிக்கு வாடகை எல்லாம் மொத்தத்துக்குள் அடக்கமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பவுண்டில் கட்டும் பகுதி ரூபா விழுந்தால் ஏறும், அதையும் எந்த நாள் மாற்று வீதத்துக்கு என்று எழுதச் சொல்லுங்கள்.

முதல் தவணை கட்டும்போது தரும் பற்றுச்சீட்டில் பலர் "பதிவுக் கட்டணம்" என்று மட்டும் எழுதித் தருவார்கள். இடையில் விலகினால் திருப்பிக் கேட்க அந்தச் சீட்டு உதவாது. கற்கையின் முழுப் பெயர், அணி (பட்ச்) இலக்கம், தொடங்கும் திகதி, அணி தொடங்காவிட்டால் எத்தனை நாளுக்குள் காசு திரும்பும் என்ற வரி, நிறுவனத்தின் முத்திரை, இவ்வளவும் விழுந்த பிறகுதான் காசை மேசையில் வையுங்கள்.